தற்சுழற்சி அலையிலிருந்து ஸ்பினான் வரை: குவாண்டம் காந்தச் சங்கிலியின் கிளர்வுகளை அறிந்த முறைகளின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

தற்சுழற்சி ½ உடைய அயனிகள் ஒரே வரிசையில் அமைந்த எதிர்ஃபெரோகாந்தச் சங்கிலியின் கிளர்வு ஆற்றல் 1962ஆம் ஆண்டில் துல்லியமாகக் கணக்கிடப்பட்டது. அக்கிளர்வு எத்தகைய துகள் என்பது 1981ஆம் ஆண்டில்தான் தெளிவாயிற்று. இடைப்பட்ட காலத்தில் கணக்கில் பிழை எதுவும் கண்டறியப்படவில்லை; பரிசோதனையும் அதை மறுக்கவில்லை. மாறியது நிலைகளை எண்ணும் முறையே. தற்சுழற்சி அலைக் கோட்பாடு, பெத்தேயின் தீர்வுமுறை, புலக்கோட்பாட்டு அணுகுமுறை, எண்ணியல் முறைகள் ஆகியவை இச்சிக்கலில் ஆற்றிய பங்கினை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. ஆற்றல் மதிப்பின் துல்லியம் ஒரு கோட்பாட்டுப் படிமத்தின் உண்மைக்குச் சான்றாகாது என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: எதிர்ஃபெரோகாந்தம், தற்சுழற்சி அலை, பெத்தே தீர்வுமுறை, ஸ்பினான், நியூட்ரான் சிதறல்

முன்னுரை

காந்தப் படிகம் ஒன்றினை மிகத் தாழ்ந்த வெப்பநிலைக்குக் குளிர்வித்து அதன்மேல் நியூட்ரான் கற்றையைச் செலுத்தினால், நியூட்ரான்கள் இழக்கும் ஆற்றலையும் உந்தத்தையும் படிகம் ஏற்றுக்கொள்கிறது. அவ்வாறு ஏற்ற ஆற்றல் படிகத்தினுள் எந்த வடிவில் இருக்கிறது என்பதே கிளர்வுகள் பற்றிய ஆய்வின் அடிப்படைக் கேள்வி. ஓரணுவில் கிளர்வு என்பது எலக்ட்ரான் ஒரு மட்டத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவது. காந்தப் படிகத்திலோ எண்ணற்ற தற்சுழற்சிகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்கின்றன. ஒன்றை அசைத்தால் அனைத்தும் அசைகின்றன. இக்கூட்டு அசைவைத் தனித்தனித் துகள்களாகப் பகுத்துக் காண இயலுமா, இயலுமெனில் அத்துகள்களின் தற்சுழற்சி எவ்வளவு என்பவை எளிய வினாக்களாகத் தோன்றும். இவற்றுக்கு விடை காண அரை நூற்றாண்டு தேவைப்பட்டது.

தற்சுழற்சி அலை என்னும் படிமம்

1928ஆம் ஆண்டில் வெர்னர் ஹைசன்பர்க் ஃபெரோகாந்தத்திற்குப் பரிமாற்ற இடைவினையே காரணம் என்று விளக்கினார். அவ்விளக்கத்தின்மேல் 1930இல் ஃபெலிக்ஸ் பிளாக் தற்சுழற்சி அலை என்னும் கருத்தை எழுப்பினார். எல்லாத் தற்சுழற்சிகளும் ஒரே திசை நோக்கி நிற்கும் ஃபெரோகாந்தத்தில் ஒன்று மட்டும் கவிழ்ந்தால், அக்கவிழ்வு ஓரிடத்தில் தங்காமல் படிகம் முழுவதும் அலையாகப் பரவும். அதன் ஆற்றலைத் துல்லியமாகவே கணக்கிடலாம். வெப்பநிலை உயரும்போது காந்தமாக்கல் வெப்பநிலையின் 3/2 அடுக்குக்கு நேர்விகிதத்தில் குறையும் என்னும் பிளாக்கின் விதி இதிலிருந்து பிறந்தது. கவிழ்ந்த தற்சுழற்சி ஒன்று மொத்தத் தற்சுழற்சியை 1 அளவுக்கு மாற்றுகிறது. ஆகவே இவ்வலையின் துகள் வடிவமாகிய மேக்னானின் தற்சுழற்சி 1. இதில் ஐயத்துக்கு இடமில்லை.

ஐயம் எழுந்தது எதிர்ஃபெரோகாந்தத்தில். அண்டை அயனிகளின் தற்சுழற்சிகள் மாறிமாறி மேலும் கீழும் நிற்கும் அமைப்பை லூயி நேயெல் 1930களில் முன்வைத்தார். இந்த ஒழுங்கு ஹைசன்பர்க் மாதிரியின் சரியான நிலை அன்று. பரிமாற்ற இடைவினை அண்டைத் தற்சுழற்சிகளை இடைவிடாது இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். எனினும் 1949இல் ஷல், ஸ்மார்ட் இருவரும் மாங்கனீசு ஆக்சைடில் நியூட்ரான் விளிம்பு விளைவின் வாயிலாக நேயெலின் ஒழுங்கை நேரடியாகக் காட்டினர். 1952இல் ஃபிலிப் ஆண்டர்சனும் ரியோகோ குபோவும் தனித்தனியே எதிர்ஃபெரோகாந்தத்திற்குத் தற்சுழற்சி அலைக் கோட்பாட்டை வகுத்தனர். தற்சுழற்சி இயக்கிகளைப் போசான்களாக மாற்றி எழுதும் வழியை 1940இலேயே ஹோல்ஸ்டைனும் பிரிமகாஃபும் அமைத்துத் தந்திருந்தனர். ஒழுங்கான நிலையைத் தொடக்கமாகக் கொண்டு, அதிலிருந்து நிகழும் சிறு விலகல்களை அலைகளாகக் கருதுவதே இம்முறையின் சாரம்.

முப்பரிமாணத்தில் இம்முறை மிகச் சிறப்பாகப் பொருந்துகிறது. இருபரிமாணச் சதுர அணிக்கோவையில் தற்சுழற்சி ½ என்னும் மிகக் கடினமான நேர்விலும், அடிநிலையில் எஞ்சும் ஒழுங்கின் அளவு 0.303 என்று அது கூறுகிறது. பிற்காலக் கணினிக் கணிப்புகள் தரும் மதிப்பு 0.307. இத்தனை எளிய தோராயம் இவ்வளவு நெருங்கி வருவது வியப்புக்குரியது. பின்னாளில் ஒருபரிமாணத்தில் அது தந்த படிமத்தை ஐயுறத் தயக்கம் நிலவியதற்கு இந்த வெற்றிகளும் ஒரு காரணம் எனலாம்.

பெத்தேயின் தீர்வு

ஒருபரிமாணச் சங்கிலிக்கோ தோராயம் தேவையில்லை. 1931இல் ரோமில் தங்கியிருந்த 24 வயது ஹான்ஸ் பெத்தே, ஹைசன்பர்க் சங்கிலியின் நிலைகளைத் துல்லியமாக எழுதும் வழியைக் கண்டறிந்தார். கவிழ்ந்த தற்சுழற்சிகளை ஒரு கோட்டின்மேல் நகரும் துகள்களாகக் கருதினால், அவை மோதும்போது உந்தங்களைத் தம்முள் பரிமாறிக்கொள்வதன்றி வேறெதுவும் நிகழ்வதில்லை. பல துகள்கள் ஒருங்கே மோதினும் அம்மோதல் இருவர் மோதல்களின் தொடராகவே பிரிகிறது. ஆகவே அலைச்சார்பை எளிய அலைகளின் கூட்டுத்தொகையாக எழுதிவிடலாம். ஒவ்வொரு நிலையையும் முழு எண்களாலோ அரையெண்களாலோ ஆன ஒரு தொகுதி அடையாளப்படுத்தும். கட்டுரைத் தலைப்பில் முதற்பகுதி என்று குறித்திருந்த பெத்தே, முப்பரிமாண அணிக்கோவைகளுக்கும் இம்முறையை விரிப்பதாகக் கூறி முடித்தார். இரண்டாம் பகுதி வரவேயில்லை. முப்பரிமாணத்தில் மோதல்கள் இவ்வாறு பிரிவதில்லை என்பதால் வந்திருக்கவும் இயலாது.

இத்தீர்வைக் கொண்டு 1938இல் ஹூல்தேன் எதிர்ஃபெரோகாந்தச் சங்கிலியின் அடிநிலை ஆற்றலைக் கணக்கிட்டார். பரிமாற்ற மாறிலியை ஓர் அலகாகக் கொண்டால், அயனி ஒன்றுக்கு அது கால் கழித்தல் 2இன் இயல் மடக்கை, அதாவது −0.4431. இதே அளவை ஆண்டர்சனின் தற்சுழற்சி அலைக் கோட்பாடு −0.4315 என்று தருகிறது. வேறுபாடு 3 விழுக்காட்டுக்கும் குறைவு.

இந்த நெருக்கம் ஏமாற்றக்கூடியது. ஒருபரிமாணத்தில் ஒழுங்கிலிருந்து விலகும் அளவை அதே கோட்பாட்டைக்கொண்டு கணக்கிட்டால் விடை முடிவிலியாகிறது. சிறு விலகல்கள் என்று தொடங்கிய கணக்கு, விலகல்கள் எல்லையற்றவை என்று முடிகிறது. கோட்பாடு தன் அடிப்படையைத் தானே தகர்த்துக்கொள்கிறது; ஆனால் ஆற்றல் மட்டும் ஏறக்குறையச் சரியாக இருக்கிறது. ஆற்றல் என்பது அண்டை அயனிகளுக்கிடையேயான உறவை மட்டுமே அளக்கும் ஓர் அளவு. தொலைவிலுள்ள தற்சுழற்சிகள் தம்முள் ஒழுங்கு கொண்டுள்ளனவா என்பது பற்றி அது ஏறத்தாழ எதுவும் சொல்வதில்லை. கோட்பாட்டு முறைகளை ஆற்றல் மதிப்பைக் கொண்டே தரம்பிரிக்கும் வழக்கம் இத்துறையில் நெடுங்காலம் நிலவியது என்பதை நோக்க, இந்த எடுத்துக்காட்டு கவனத்திற்குரியது.

1962: சரியான கணக்கு, பழைய பெயர்

தெ குளுவாசோ, பியர்சன் இருவரும் 1962இல் பெத்தேயின் தீர்விலிருந்து முதன்முதலாகக் கிளர்வுகளின் ஆற்றலைக் கணக்கிட்டனர். மொத்தத் தற்சுழற்சி 1 ஆக உள்ள நிலைகளில், ஒவ்வோர் உந்தத்திற்கும் மிகத் தாழ்ந்த ஆற்றலுடையவற்றை அவர்கள் தேர்ந்தனர். விடை அழகானது: ஆற்றல் உந்தத்தின் சைன் சார்பாக அமைகிறது, அதன் முன்னுள்ள பெருக்கெண் பையில் பாதி. தற்சுழற்சி அலைக் கோட்பாடும் இதே சைன் சார்பைத்தான் தந்திருந்தது. அதில் பெருக்கெண் 1. ஆகவே துல்லியமான தீர்வு தோராயத்தை 1.57 மடங்கு திருத்துகிறது, மற்றபடி படிமம் அதுவே என்று எவரும் கருதியிருப்பர். கிளர்வு தற்சுழற்சி அலை என்றே தொடர்ந்து அழைக்கப்பட்டது.

பரிசோதனையும் இதற்கு இடம் கொடுத்தது. 1974இல் எண்டோ, ஷிரானே, பர்ஜெனோ முதலியோர் தாமிர குளோரைடும் பிரிடினும் சேர்ந்த, டியூட்டீரியம் ஏற்றப்பட்ட படிகம் ஒன்றில் நியூட்ரான் சிதறலை அளந்தனர். சிதறலின் உச்சிகள் 1962ஆம் ஆண்டுக் கோட்டின்மேல் அமைந்தன. பழைய தோராயக் கோட்டின்மேல் அல்ல. துல்லியக் கோட்பாடு வென்றது என்பதே அன்றைய முடிவு. அது சரியான முடிவும்கூட.

எனினும் சில குறிப்புகள் ஏற்கெனவே வேறு திசையைக் காட்டிக்கொண்டிருந்தன. 1961இல் லீப், ஷுல்ட்ஸ், மட்டிஸ் மூவரும் ஹைசன்பர்க் சங்கிலிக்கு நெருங்கிய உறவுடைய எக்ஸ்-ஒய் சங்கிலியை, 1928இல் ஜோர்டனும் விக்னரும் வகுத்த மாற்றத்தின் வாயிலாக, ஒன்றோடொன்று இடைவினை புரியாத ஃபெர்மியான்களாக மாற்றித் தீர்த்திருந்தனர். 1969இல் யமாடா, கிளர்வுகள் தனிக்கோடு அன்று, கீழெல்லையும் மேலெல்லையும் உடைய பட்டை என்று காட்டினார். கீழெல்லை 1962ஆம் ஆண்டுக் கோடு. மேலெல்லை பையை உந்தத்தில் பாதியின் சைனால் பெருக்கிய மதிப்பு.

அதே 1969இல் பம்பாய் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் சஞ்சல் குமார் மஜும்தாரும் தீபன் கோஷும் முற்றிலும் வேறான வழியில் ஒரு படிமத்தை அளித்தனர். அண்டை இடைவினையோடு, அடுத்த அண்டையுடனான இடைவினையும் அதன் சரிபாதி வலிமையில் இருப்பின், அடிநிலையை எழுதப் பெத்தேயின் கணிதமே வேண்டியதில்லை. தற்சுழற்சிகள் இருவரிருவராக இணைந்து, ஒவ்வோர் இணையின் மொத்தத் தற்சுழற்சியும் சுழியாகிவிடுகிறது. அயனி ஒன்றுக்கு ஆற்றல் −3/8. இணைசேர இரண்டு வழிகள் உண்டு: முதலும் இரண்டும், மூன்றும் நான்கும் என்பது ஒரு வழி, இரண்டும் மூன்றும், நான்கும் ஐந்தும் என்பது மற்றொரு வழி. சங்கிலியின் ஒரு பகுதி முதல் வழியிலும் மறுபகுதி இரண்டாம் வழியிலும் இணைந்தால், எல்லையில் ஒரு தற்சுழற்சி இணையின்றித் தனித்து நிற்கும். அதன் அளவு ½. அது இடம்விட்டு இடம் நகரவும் வல்லது. இத்தனிமனையின் இயக்கத்தை ஸ்ரீராம் சாஸ்திரியும் பில் சதர்லாந்தும் 1981இல் கணக்கிட்டனர்.

1981: எண்ணுதலின் திருத்தம்

லெனின்கிராட்டில் லுத்விக் ஃபதேயேவின் குழுவினர் 1970களின் இறுதியில் பெத்தேயின் முறையை இயற்கணித வடிவில் மறுவார்ப்புச் செய்தனர். அதன் பயனாக, ஒரு தற்சுழற்சி அலையின் தற்சுழற்சி யாது என்னும் வினாவையே தலைப்பாகக் கொண்ட கட்டுரையை 1981இல் ஃபதேயேவும் தக்தஜானும் வெளியிட்டனர். விடை: ½.

அவர்களின் வாதத்தைச் சிறு சங்கிலி ஒன்றில் காணலாம். 8 அயனிகள் கொண்ட வளையத்தில் அடிநிலைக்கு 4 தற்சுழற்சிகள் கவிழ்ந்திருக்க வேண்டும். பெத்தேயின் எண்களுக்கு அப்போது 4 இருக்கைகள் உள்ளன, நான்கும் நிரம்பிவிடுகின்றன. மொத்தத் தற்சுழற்சியை 1 ஆக்க ஒரு கவிழ்வை நீக்கினால், கவிழ்வுகள் 3 ஆகின்றன. ஆனால் இருக்கைகளின் எண்ணிக்கை 5 ஆக உயர்கிறது. காலி இருக்கை ஒன்றன்று, இரண்டு. 5 இருக்கைகளில் இரண்டைக் காலியாக விட 10 வழிகள் உண்டு. தெ குளுவாசோவும் பியர்சனும் ஒரு காலி இருக்கையை வரிசையின் ஓரத்திலேயே நிறுத்திவிட்டு மற்றொன்றை மட்டும் நகர்த்தினர். அவ்வாறு செய்தால் கிடைப்பது ஒற்றை உந்தத்தைச் சார்ந்த ஒற்றைக் கோடு. அது ஒரு துகளைப் போலவே தோன்றும். இரண்டையும் சுதந்திரமாக நகரவிட்டால் யமாடாவின் பட்டை கிடைக்கிறது. காலி இருக்கை ஒவ்வொன்றும் ஒரு துகள்.

இதற்கு மேலும் ஒரு சான்று தேவைப்பட்டது. தற்சுழற்சி 1 உடைய இரு துகள்கள் சேர்ந்திருப்பின் 9 நிலைகள் வேண்டும். தற்சுழற்சி ½ உடைய இரண்டு சேர்ந்திருப்பின் 4 நிலைகள். சங்கிலி மிக நீளமாகும்போது, மொத்தத் தற்சுழற்சி 1 உடைய மூன்று நிலைகளுடன் மொத்தத் தற்சுழற்சி சுழியுடைய ஒரு நிலையும் அதே ஆற்றலில் வந்து சேர்வதை ஃபதேயேவும் தக்தஜானும் காட்டினர். மூன்றும் ஒன்றும் நான்கு. பெத்தேயின் சமன்பாடுகளில் எதுவும் மாறவில்லை. 1931 முதலே அவற்றுள் இருந்த செய்தி இது. அயனிகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக உள்ள சங்கிலியில் இத்துகள்கள் எப்போதும் இணையாகவே தோன்றும். ஆகவே நியூட்ரானால் ஒன்றைத் தனித்து எழுப்ப இயலாது.

1962ஆம் ஆண்டு ஆய்வாளர்களைக் குறைகூற இதில் ஏதுமில்லை. தாழ்ந்த கோட்டைக் கணக்கிடுவதே அவர்கள் மேற்கொண்ட பணி. அது பிழையின்றி நிறைவேறியது. பிழை பெயரிலிருந்தது. ஃபெரோகாந்தத்திலிருந்து கடன்பெற்ற தற்சுழற்சி அலை என்னும் சொல், நிலைகளை எண்ணிப்பார்க்க வேண்டிய தேவையே எழாதபடி செய்துவிட்டது. ஸ்பினான் என்னும் புதுச்சொல் பரவியது 1987க்குப் பிறகு, உயர்வெப்ப மீக்கடத்திகளுக்கு ஆண்டர்சன் முன்வைத்த ஒத்திசைவுப் பிணைப்புக் கோட்பாட்டை ஒட்டியே. அக்கோட்பாட்டின் தொடக்கக் கட்டுரைகளுள் ஒன்றில் ஆண்டர்சனுடன் பங்கேற்றவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த இயற்பியலறிஞர் கணபதி பாஸ்கரன்.

ஹால்டேனின் ஐயப்பாடு

ஸ்பினான் ஒருபரிமாணத்தின் பொதுத்தன்மையா, தற்சுழற்சி ½ இன் தனித்தன்மையா? டங்கன் ஹால்டேன் 1981இல் கிரெனோபிளில் இருந்தபோது இதற்கு எதிர்பாராத விடையைக் கண்டார். தற்சுழற்சி அரையெண்ணாயின் கிளர்வுகளுக்கு ஆற்றல் இடைவெளி இல்லை; முழு எண்ணாயின் இடைவெளி உண்டு. தற்சுழற்சி பெரிதாகப் பெரிதாகக் குவாண்டம் விளைவுகள் மங்கிச் செவ்வியல் இயற்பியல் வந்துசேரும் என்பதே எல்லாருடைய எதிர்பார்ப்பும். ஒற்றைப்படை, இரட்டைப்படை போன்ற வேறுபாட்டுக்கு அங்கே இடமேது? ஹால்டேனின் புலக்கோட்பாட்டில் ஒரு நுண்ணிய இடத்தியல் உறுப்பு இவ்வேறுபாட்டைக் கொண்டுவந்தது. அந்த முன்வரைவு இதழ்களில் வெளியாகவில்லை. கருத்து 1983இல் வேறு கட்டுரைகளாகவே வெளிவந்தது. மூல முன்வரைவு இணையக் களஞ்சியத்தில் இடம்பெற்றது 2016இல், அவர் நோபல் பரிசு பெற்ற ஆண்டில்.

முழு எண் சங்கிலிக்குப் பெத்தேயின் தீர்வு பொருந்தாது. ஆகவே தீர்ப்பு வேறிடத்திலிருந்து வரவேண்டியிருந்தது. 1986இல் சீசியம் நிக்கல் குளோரைடில் பயர்ஸ் குழுவினர் இடைவெளியின் அறிகுறியைக் கண்டனர். 1987இல் அஃப்ளெக், கென்னடி, லீப், தசாகி நால்வரும் இடைவெளி உண்டென நிறுவக்கூடிய ஒரு மாதிரியை அமைத்தனர். ஸ்டீவன் வைட் 1992இல் அறிமுகப்படுத்திய அடர்த்தி அணி மறுஇயல்பாக்க முறை எண்ணை உறுதிசெய்தது: 1993இல் வைட்டும் ஹியூசும் பெற்ற இடைவெளி பரிமாற்ற மாறிலியின் 0.4105 பங்கு. இச்சங்கிலியில் கிளர்வு மீண்டும் தற்சுழற்சி 1 உடைய மேக்னானே. ஒரே மாதிரியில், அயனியின் தற்சுழற்சியை ½இலிருந்து 1க்கு மாற்றினாலே துகள் மாறிவிடுகிறது.

பட்டையைக் காணுதல்

1974ஆம் ஆண்டுப் பரிசோதனை பட்டையைக் காணாதது ஏன்? பட்டைக்குள் சிதறல் வலிமை சீராகப் பரவியிருப்பதில்லை. கீழெல்லையில் மிகச் செறிந்து, மேலே செல்லச் செல்ல மெலிகிறது. மங்கிய ஒளியில் பார்ப்பவருக்குக் கீழெல்லை மட்டுமே தெரியும். 1981இல் முல்லர் குழுவினர் இச்செறிவின் வடிவத்திற்கு ஒரு தோராய வாய்பாட்டை முன்வைத்தனர். துடிப்பு நியூட்ரான் மூலங்கள் வந்தபின் நிலைமை மாறியது. பரிமாற்ற மாறிலி ஏறத்தாழ 34 மில்லி எலக்ட்ரான் வோல்ட் ஆக உள்ள பொட்டாசியம் தாமிர ஃபுளூரைடில், டென்னன்ட், பெர்ரிங், கௌலி, நாக்லர் நால்வரும் 1993இல் அகன்ற பட்டையையே அளந்து காட்டினர். தனித்த மேக்னான் இவ்வாறு அகன்ற ஆற்றல் பரப்பில் சிதறலைத் தராது.

இங்கும் கோட்பாட்டின் பணி முடியவில்லை. கிளர்வின் ஆற்றலை அறிவது ஒன்று. நியூட்ரான் அதை எவ்வளவு வலிமையுடன் எழுப்பும் என்பது மற்றொன்று. பின்னதைக் கணக்கிடப் பெத்தேயின் அலைச்சார்புகள் மிகச் சிக்கலானவை. 1990களில் குவாண்டக் குலக் கோட்பாட்டின் துணையுடன்தான் இரு ஸ்பினான் பங்களிப்பு துல்லியமாகப் பெறப்பட்டது. அது மொத்த வலிமையில் 70 விழுக்காட்டுக்குச் சற்று மேல். எஞ்சியதில் பெரும்பகுதி நான்கு ஸ்பினான்களுடையது என்பதை 2006இல் கோவும் ஹாகமன்சும் காட்டினர். 2013இல் மொரிகால் குழுவினர் பள்ளி ஆய்வகங்களில் காணும் நீலத்துத்தத்தையே, அதன் நீருக்குப் பதில் கனநீர் ஏற்றி, எடுத்துக்கொண்டு மொத்த வலிமையை அளந்தனர். கோட்பாட்டு மதிப்பில் 99 விழுக்காடு கிடைத்தது. பிழைவரம்பு 8 விழுக்காடு. இரு ஸ்பினான்களால் மட்டும் நிரப்ப முடியாத பங்கு உண்மையிலேயே அங்கிருந்தது.

சங்கிலிக்கு அப்பால்

இருபரிமாணத்தில் துகள் பிளவுறும் என்பதற்குத் துல்லியமான எடுத்துக்காட்டு நெடுநாள் இல்லை. அலெக்சி கிடாயெவ் 2006இல் வெளியிட்ட தேன்கூட்டு மாதிரி அக்குறையை நீக்கியது. அதன் கிளர்வு இயக்கத்தை முதலில் துல்லியமாகக் கணக்கிட்டவர்கள் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் பாஸ்கரன், சப்தர்ஷி மண்டல், சங்கர் ஆகியோர். 2007இல் வெளியான அக்கட்டுரையின்படி, ஒரு தற்சுழற்சியை அசைத்தால் அது நகராத இரு பாயச் சுழல்களாகவும் நகரும் ஒரு மஜோரானா ஃபெர்மியானாகவும் பிளவுறுகிறது. எனவே இரு தற்சுழற்சிகளுக்கிடையேயான தொடர்பு அண்டை அயனியைத் தாண்டிச் செல்வதே இல்லை. ஆற்றலைக் கொண்டன்றி, தொடர்பின் அமைப்பைக் கொண்டே துகளை அடையாளம் காணும் வழி இது.

இம்மாதிரிக்கு நெருங்கியதாகக் கருதப்படும் ஆல்ஃபா ருத்தீனியம் குளோரைடில் 2016 முதல் வெளியான நியூட்ரான் அளவீடுகள் அகன்ற பட்டையைக் காட்டுகின்றன. அப்பட்டை பிளவுற்ற துகள்களின் அடையாளம் என்பார் ஒரு சாரார். அப்படிகம் ஏறத்தாழ 7 கெல்வினுக்குக் கீழே காந்த ஒழுங்கு கொள்வதைச் சுட்டி, தம்முள் மோதிச் சிதையும் மேக்னான்களே இத்தகைய பட்டையைத் தரவல்லவை என்பார் மற்றொரு சாரார். இருபரிமாணத்தில் நிலைகளை எண்ணித் தீர்ப்புக் கூறப் பெத்தேயின் இருக்கைகள் இல்லை.